நிற்கத் தெரிந்த வேகம்

தொழில் நிர்வாகம் பற்றிப் பேசுகிறவர்கள் மோட்டார் சைக்கிளை உவமையாக எடுத்தால் அது துணிச்சலின் உருவமாகத்தான் வந்து நிற்கிறது. திறந்த சாலை, தனி ஆள், முழுதாக முறுக்கிய ஆக்ஸிலேட்டர், பின்னால் மறைந்துபோகும் போட்டியாளர்கள் என்று அந்தச் சித்திரம் விரிகிறது. இருசக்கர வண்டியைப் பல ஆண்டுகள் விழாமல் ஓட்டுகிறவர்களிடம் உள்ள திறமை எது என்று நிதானமாகப் பார்த்தால் இந்தச் சித்திரம் கலைந்துபோகும். அவர்கள் மனதுக்குள் ஓயாமல் ஒரு கணக்குப் போட்டபடி இருக்கிறார்கள். கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, இந்த வேகத்தில் வண்டியை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. முதல் அளவு இரண்டாவதை விடக் கூடுதலாக இருக்கும் வரை எந்த வேகமும் பத்திரமானது. குறைந்துவிட்டால் எந்த வேகமும் ஆபத்தானது. வண்டி ஓட்டுவதிலிருந்து நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்ள ஒரே ஒரு பாடம் உண்டென்றால் அது இதுதான் என்பது என் கட்சி. ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை அதன் எஞ்சினோ போட்டியாளரின் வேகமோ தீர்மானிக்கக் கூடாது. அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் தீர்மானிக்க வேண்டும்.

சாலையில் இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். வண்டி நிற்பதற்கான தூரம் இரண்டு பகுதிகளாலானது. ஆபத்தைக் கண்டு, புரிந்து, கை பிரேக்கை அழுத்தும் வரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பிறகு தேய்ந்து நிற்கும் தூரம் மற்றொன்று. முதலாவது வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. இரண்டாவது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி, ஓட்டுபவர் சுதாரிக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், காய்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 21 மீட்டரில் நிற்கும். வேகத்தை 80 ஆக்கினால் சுதாரிக்கும் தூரம் 11 மீட்டரிலிருந்து 22 ஆகிறது. பிரேக் தூரமோ 10 மீட்டரிலிருந்து 40 மீட்டரைத் தாண்டுகிறது. மொத்தம் 60 மீட்டருக்கு மேல். வேகம் இரட்டித்தபோது நிற்கும் தூரம் மும்மடங்காகிவிட்டது. 80இல் போகிறவருக்கு உடலில் இந்த வித்தியாசம் தெரிவதில்லை. காற்று கொஞ்சம் கூடுதலாக அடிக்கிறது, அவ்வளவுதான். வேகம் புலன்களுக்குத் தெரிகிறது, நிற்கும் தூரம் தெரிவதில்லை. அதனால்தான் அதைக் கணக்காகப் போட்டே அறிய வேண்டியிருக்கிறது.

நிறுவனங்களுக்கும் இதே இரண்டு தூரங்கள் உண்டு. சரக்கு தேங்குகிறது, வாடிக்கையாளர் விலகுகிறார், பொருளில் கோளாறு இருக்கிறது என்ற செய்தி கடைசி ஊழியரிடமிருந்து முடிவெடுக்கும் நாற்காலிக்கு வந்து சேர ஆகும் காலம்தான் சுதாரிக்கும் தூரம். அந்தச் செய்தி வந்த பிறகும் கட்டியே ஆகவேண்டிய வட்டி, வாடகை, ஒப்பந்தம், பாதி எழுந்து நிற்கும் தொழிற்சாலை ஆகியவை இழுத்துக்கொண்டு போகும் தூரம்தான் பிரேக் தூரம். கெட்ட செய்தி சொன்னவரைக் கடிந்துகொள்ளும் நிறுவனத்தில் முதல் தூரம் மாதக்கணக்கில் நீள்கிறது. விற்பனை மேலாளர் ஒரு காலாண்டு மறைக்கிறார். அவருக்கு மேலிருப்பவர் இன்னொரு காலாண்டு மெருகு பூசுகிறார். டொயோட்டா தொழிற்சாலைகளில் அசெம்பிளி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைக் கண்டால் தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். சிக்கல் தீராவிட்டால் வரிசை நிற்கும். தரக் கட்டுப்பாட்டுக்கான ஏற்பாடு என்று இதைப் புகழ்வார்கள். இதன் ஆழமான பயன், செய்தி பயணிக்கும் தூரத்தைச் சில விநாடிகளாகச் சுருக்கியது. பிரேக் லீவர் மேலாளரின் மேசையில் மட்டும் இருந்தால், அது எவ்வளவு நல்ல பிரேக்காக இருந்தும் தாமதமாகவே பிடிக்கும்.

விபத்து நேரும் கணத்தில் திறமை காட்டித் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை ஓட்டுபவர்களிடமும் உண்டு, தொழில் நடத்துபவர்களிடமும் உண்டு. இதற்கு எதிரான வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து கிடைக்கிறது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 3,600 காவல்துறை அறிக்கைகளையும் அலசியது. 1981இல் வெளியான அந்த அறிக்கையின்படி, ஆபத்து தொடங்கியதிலிருந்து மோதல் வரையிலான இடைவெளி பெரும்பாலான விபத்துகளில் இரண்டு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள். நிறுத்தும் வலு அதிகமுள்ள முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. விபத்துக்கு உள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ வீட்டாரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள். இரண்டு விநாடியில் யாரும் புதிதாக எதையும் யோசிப்பதில்லை. அதற்கு முன்பே தேர்ந்துகொண்ட வேகமும், விட்டுவைத்த இடைவெளியும், கையில் ஊறிய பழக்கமும்தான் அந்த விநாடிகளில் செயல்படுகின்றன. தொழிலில் நெருக்கடி வரும் வாரமும் அப்படிப்பட்டதே. கையிருப்புப் பணமும் கடன் அளவும் யார் உண்மை பேசலாம் என்ற பழக்கமும் முன்பே முடிவாகியிருக்கும். நெருக்கடி அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

மோட்டார் சைக்கிள் தொழிலின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஹோண்டா தன் கவனத்தையும் முதலீட்டையும் கார்களின் பக்கம் திருப்பியிருந்தது. உள்நாட்டுச் சந்தையில் இடைவெளியை ஏறக்குறைய மூடிவிட்ட யமஹா, இதுதான் முந்துவதற்கான நேரம் என்று முடிவு செய்தது. 1981இல் அதன் தலைவர் ஹிசாவோ கொய்கே, பிரம்மாண்டமான புதிய ஆலை ஒன்றை அறிவித்து, உலகில் முதலிடம் வகிக்கும் மோட்டார் சைக்கிள் நிறுவனமாகப் போவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஹோண்டா திரும்பி அடித்தது. விலையைக் குறைத்தது, அடுத்த 18 மாதங்களில் 113 மாடல்களைப் புதிதாகக் கொண்டுவந்தது அல்லது மாற்றியது. அதே காலத்தில் யமஹாவால் 37 மாற்றங்களே செய்ய முடிந்தது. பழைய பாணியாகிவிட்ட யமஹா வண்டிகள் கடைகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கடன் பெருகியது. உள்நாட்டுச் சந்தையில் 37 சதவீதமாக இருந்த அதன் பங்கு 1983க்குள் 23 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் யமஹா பகிரங்கமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டது. அதன்பின் உற்பத்தியையும் ஆட்களையும் குறைத்தது.

யமஹாவிடம் எஞ்சினுக்குக் குறைவில்லை. நல்ல பொறியாளர்களும் நல்ல வண்டிகளும் அதற்கு இருந்தன. அது செய்த பிழையை ஓட்டுநர் பயிற்சியாளர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும் என்பது பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று. பள்ளத்தைத் தவிர்க்க நினைத்து அதையே வெறித்துப் பார்ப்பவர் அதில்தான் போய் இறங்குவார். வளைவின் முடிவைப் பார்ப்பவர் வளைவைக் கடப்பார். யமஹாவின் பார்வை ஹோண்டாவின் மீது குத்திட்டு நின்றது. சந்தை எவ்வளவு வண்டிகளை வாங்கும் என்ற சாலையை அது பார்க்கவில்லை. இரண்டாவது பிழை டயரின் பிடிமானம் பற்றியது. டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பு ஓர் அளவுக்குட்பட்டது. வண்டியைச் சாய்த்து வளைப்பதும் பிரேக் பிடிப்பதும் வேகம் கூட்டுவதும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் செலவாகின்றன. வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால் டயர் வழுக்குவது இதனால்தான். புதிய ஆலை, பெருகும் கடன், விலைப்போர், சந்தைப் பங்கு இலக்கு ஆகிய அனைத்தையும் ஒரே சமயத்தில் யமஹா ஒரே பிடிமானத்தின் மேல் ஏற்றியது. தனித்தனியாக ஒவ்வொன்றையும் அது தாங்கியிருக்கக்கூடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஹோண்டாவும் வேகமாகத்தானே போனது, 18 மாதங்களில் 113 மாடல்கள் என்பது நிதானமா என்று கேட்கலாம். நான் சொல்லும் கணக்கு வேகத்துக்கு எதிரானது அன்று. நிற்கவும் திரும்பவும் தேவைப்படும் தூரத்தைக் குறைத்தவர் கூடுதல் வேகத்தில் போகலாம் என்பதும் அதே கணக்கின் மறுபாதி. வடிவமைப்பிலிருந்து கடைக்கு வரும் காலத்தை ஹோண்டா முன்பே சுருக்கிவைத்திருந்தது. ஒரு மாடல் எடுபடாவிட்டால் அடுத்ததற்குத் தாவ அதனால் முடிந்தது. அதன் பழைய வரலாறும் இதையே சொல்கிறது. 1958 ஆகஸ்டில் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டு, ஆர்டர்கள் வெள்ளமாக வந்ததைப் பார்த்த பிறகே மாதம் 30,000 வண்டிகள் செய்யும் சுசுகா ஆலையில் அது இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது சூதாட்டமாகத் தெரிந்தது. ஹோண்டாவோ தன் முன்னே தெரிந்த சாலையின் நீளத்துக்குள் ஓடியது.

அமெரிக்காவுக்கு அது போன கதை இன்னும் தெளிவானது. 1959இல் லாஸ் ஏஞ்சலஸில் கடை விரித்தபோது ஜப்பானிய நிதி அமைச்சகம் 2,50,000 டாலர் மட்டுமே அனுமதித்தது. அதிலும் ரொக்கம் 1,10,000 டாலர்தான். பெரிய வண்டிகளை விற்பது அவர்கள் திட்டம். அமெரிக்கர்கள் ஜப்பானியர்களைவிட நெடுந்தூரம் வேகமாக ஓட்டியதால், 1960இல் அந்த வண்டிகளில் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் பழுதானது. வண்டிகள் ஜப்பானுக்குத் திரும்பின. பொறியாளர்கள் சில வாரங்களில் திருத்தம் கண்டார்கள். அந்த இடைவெளியில், ஊழியர்கள் ஊருக்குள் வேலைக்காக ஓட்டித் திரிந்த சிறிய சூப்பர் கப்பைப் பார்த்துக் கடைக்காரர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். நிறுவனம் தன் திட்டத்தை அந்தப் பக்கம் திருப்பியது. பின்னாளில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் இதைத் தொலைநோக்குடன் தீட்டிய செலவுக் குறைப்பு உத்தியாக விளக்கியது. ஹோண்டாவின் அதிகாரிகளையே நேரில் கேட்ட நிர்வாகவியல் ஆய்வாளர் ரிச்சர்ட் பாஸ்கேல் 1984இல் எழுதிய கட்டுரை, அது தவறும் திருத்தமுமாக நடந்த பயணம் என்று காட்டியது. அந்தத் தவறுகளை ஹோண்டா தாங்கியதற்குக் காரணம், போட்ட பணம் சிறிதாக இருந்ததும், கெட்ட செய்தி தலைமையகத்துக்கு உடனே போனதும்தான். அரசு விதித்த பணக் கட்டுப்பாடு அன்று எரிச்சலூட்டியிருக்கும். விளைவில் அது அவர்களை நிற்கக்கூடிய வேகத்தில் வைத்திருந்தது.

அடுத்த மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். இருசக்கர வண்டி ஓடும்போதுதான் நிமிர்ந்து நிற்கிறது, நிறுத்தினால் சாய்கிறது. தயங்குகிற நிறுவனத்துக்கும் அதே கதிதான், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் அப்படித்தானே அழிந்தது என்பார்கள். பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன் என்று உலகை ஆண்ட பெயர்கள் அங்கே இருந்தன. ஜப்பானியர்கள் சிறிய வண்டிகளுடன் வந்தபோது அதில் லாபம் குறைவு என்று பிரிட்டிஷ்காரர்கள் அந்தப் பிரிவை விட்டுக்கொடுத்தார்கள். பிறகு நடுத்தர வண்டிகளை விட்டுக்கொடுத்தார்கள். கடைசியில் பெரிய வண்டிகளிலும் இடமில்லாமல் போனது. 1973இல் பிஎஸ்ஏ நிலைகுலைந்து நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற கூட்டு நிறுவனத்துக்குள் போயிற்று. இதைத் தயக்கத்தின் தோல்வி என்று சொல்வது பாதி உண்மை. ஒவ்வொரு பின்வாங்கலும் அந்த ஆண்டுக் கணக்கில் லாபமாகத் தெரிந்தது என்பதுதான் காரணம். அவர்கள் பார்வை முன்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு மீட்டரில் விழுந்திருந்தது. அவ்வளவு தூரமே பார்ப்பவருக்கு எந்த வேகமும் அதிகம்தான். பார்வை தூரத்தை நீட்டுவதும் நிற்கும் தூரத்தைக் குறைப்பதும் ஒரே பணியின் இரண்டு கைகள். வெறுமனே மெதுவாகப் போவது அந்தப் பணிக்கு மாற்றாகாது.

நம் பக்கத்தில், சென்னைத் திருவொற்றியூரில் 1955இலிருந்து வண்டி செய்துவரும் ராயல் என்ஃபீல்டின் மீட்சி இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டதற்குச் சான்று. 2000இல் சித்தார்த் லால் அதன் பொறுப்பை ஏற்றபோது அதை மூடிவிடலாம் என்ற எண்ணம் தாய் நிறுவனமான ஐஷரில் இருந்தது. பிறகு ஐஷர் குழுமமே தன் 15 தொழில்களில் 13ஐக் கைவிட்டது. டிராக்டர் தொழிலை 2005இல் சென்னையின் டாஃபே வாங்கிக்கொண்டது. பிடிமானம் ஓர் அளவுக்குட்பட்டது என்று தெரிந்தவர் செய்யும் முதல் வேலை சுமையைக் குறைப்பது. எண்ணெய் ஒழுகுவதற்குப் பேர்போன பழைய எஞ்சினை மாற்றி, புதிய எஞ்சினுடன் கிளாசிக் 350ஐ 2009இல் கொண்டுவர அவர்கள் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். வாங்குபவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை வந்த பிறகு, 2013இல் ஒரகடம் ஆலை திறந்தது. 2024-25 நிதியாண்டில் விற்பனை 10 லட்சம் வண்டிகளைத் தாண்டியது. காத்திருப்புப் பட்டியல் நீண்டபோது சில வாடிக்கையாளர்கள் பொறுமை இழந்து வேறு வண்டிக்குப் போயிருப்பார்கள். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் அது கணக்கிட்டு ஏற்ற சிறு இழப்பு. தேவை வருவதற்கு முன்பே ஆலையைக் கட்டிவிட்டு வாடிக்கையாளரைத் தேடுவது யமஹாவின் வழி.

இந்தக் காலத்துக்கு இது பொருந்தாது என்ற மறுப்பும் உண்டு. இணையத் தொழில்களில் முதலில் பரவியவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகவும், அங்கே நிற்கும் தூரம் பற்றிக் கவலைப்படுகிறவர் தொடக்கத்திலேயே தோற்றுப்போவதாகவும் சொல்கிறார்கள். இந்த வாதத்துக்குச் சான்றாக வெற்றி பெற்றவர்களே காட்டப்படுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கண் மறைக்கும் வளைவில் முந்திப் பிழைத்தவர்கள் ஊர் திரும்பித் தம் திறமையைச் சொல்கிறார்கள். பிழைக்காதவர்கள் எதுவும் சொல்வதில்லை. எதிரே வண்டி வராததைத் தம் சாதுரியம் என்று ஓட்டியவர் நம்பிவிட்டால், அடுத்த வளைவில் இன்னும் துணிவார். மலிவான முதலீடு கிடைக்கும் ஆண்டுகள் மலையிறக்கத்தைப் போன்றவை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் இறங்குகிறவர்களுக்கு, வண்டியை நியூட்ரலில் விடாதே, கியரிலேயே இறக்கு என்ற அறிவுரை தவறாமல் கிடைக்கும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாவதுபோல் தோன்றும். எஞ்சின் தரும் இழுப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறித் தேவைப்படும்போது பிடிக்காது. பணம் தானாக உருண்டுவரும் காலத்தில் செலவுக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிடும் நிறுவனமும் தன் வேகத்தைத் தன் பலம் என்று எண்ணிக்கொள்கிறது. அந்த வேகம் சரிவு தந்தது.

கடைசி மறுப்புத்தான் மிகக் கடுமையானது. வண்டி ஓட்டுபவர் விழுந்தால் எலும்பு முறிவது அவருக்கு. நிறுவனத் தலைவர் விழுந்தால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, ஆகவே இந்த ஒப்பீடே செல்லாது என்று சொல்லலாம். உண்மைதான். இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அந்த அபாயத்தை ஓர் இயக்குநர் குழு அறையின் அபாயத்தோடு சமமாக வைப்பது அநியாயம். ஆனால் ஒப்பீடு இங்கே உடையவில்லை. இங்கேதான் அது பின்னிருக்கைக்கு நம் பார்வையைத் திருப்புகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஹேண்டில்பாரும் இல்லை, பிரேக்கும் இல்லை. பல சமயம் முன்னால் வருவதும் தெரிவதில்லை. விழுந்தால் அடிபடுவதில் மட்டும் அவருக்குப் பங்குண்டு. நிறுவனங்கள் அனைத்துமே பின்னிருக்கையில் ஆள் ஏற்றிய வண்டிகள்தான். 1973இல் டிரையம்பின் மெரிடன் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது தொழிலாளர்கள் உள்ளே அமர்ந்து ஆலையைக் கைப்பற்றினார்கள். 1975இலிருந்து கூட்டுறவாக நடத்தினார்கள். 1983இல் அதுவும் மூடியது. பல ஆண்டுகளாக நிர்வாகம் எடுத்த முடிவுகளின் அடியை அவர்கள் பத்தாண்டுகள் வாங்கினார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டம் தொழிலாளர்களின் 24 மாத நிலுவையை அடமானக் கடன் கொடுத்தவர்களோடு சம வரிசையில் வைக்கிறது. உதிரிபாகம் செய்துகொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் அந்த வரிசையில் மிகவும் பின்னால்தான் நிற்கிறார். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் அடி சமமாக விழாத வண்டியில், வேகத்தை முடிவு செய்யும் உரிமை ஓட்டுபவரின் துணிச்சலிடம் இருக்க முடியாது.

ஆகவே நிற்கும் தூரத்தை அறிவது தொழில் சாமர்த்தியம் என்பதோடு முடிவதில்லை. அது நிர்வாகத்தின் அறம். அதை நடைமுறையில் கொண்டுவருவது கடினமும் இல்லை. ஆண்டறிக்கைகளில் வளர்ச்சி விகிதம் அச்சாகும் பக்கத்திலேயே இரண்டு அளவுகள் அச்சாக வேண்டும். இன்று வருமானம் பாதியாகக் குறைந்தால் சம்பளமும் சிறு வணிகர்களின் பாக்கியும் தவறாமல் எத்தனை மாதம் தாங்கும் என்பது ஒன்று. கடந்த ஆண்டில் வந்த மிக மோசமான செய்தி கீழிருந்து மேலே வர எத்தனை நாள் எடுத்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டு அளவுகளையும் குறைபாடு இல்லாமல் வைத்திருக்கும் நிறுவனம் எவ்வளவு வேகமாகவும் வளரட்டும். அதைத் தடுக்க யாருக்கும் காரணம் இல்லை. இவற்றைச் சொல்ல முடியாத நிறுவனம் எத்தனை மடங்கு வளர்ந்திருந்தாலும் அதன் தலைவரைத் திறமையாளர் என்று கொண்டாடுவதை நாம் நிறுத்த வேண்டும். அவரை நம்பி ஏறியவர்கள் பத்திரமாக இறங்கும் வரை அந்தத் திறமை நிரூபணமாகவில்லை.